கண் எண் 114, வலது

படிவத்தில் இருந்தது:
ஒச்சம்மாள், அறுபத்தெட்டு, கருமாத்தூர்.
தொழில்: வெள்ளையடிப்பு.

அதைப் படித்ததுமே ஒரு கவிதை
கூப்பிடாமல் வந்து நின்றது:
ஊர்ச்சுவரை வெளுத்தவளின்
கண்ணும் வெளுத்ததென்று.
பொய். விரட்டிவிட்டேன்.

வாளிச் சுண்ணாம்பு லென்சுக்குள் போவதில்லை.
இந்தக் கால்சியம் எல்லோர் கண்ணிலும் ஊறுவது,
எனக்கும்
ஆய்வகத் தரை துடைக்கிற குருவம்மாவுக்கும்.

செல்லுக்கு வெளியே பத்தாயிரம், உள்ளே ஒன்று.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி
ஆரப்பாளையத்தில் கடைசித் தேனி பஸ்.
படியில் ஒரு கண்டக்டர்.
கதவோ
இரண்டே மூலக்கூறு தடிமன்,
வெறும் கொழுப்பு.

நடுவில் இருக்கும் செல்கள்
அவள் பிறக்குமுன்பே உண்டானவை.
வெளிச்சத்துக்கு வழிவிட
உட்கருவைக்கூடத் தூக்கிப் போட்டவை.
கதவு இற்றுப்போனால் புதிதாய்ச் செய்ய
உள்ளே ஆளில்லை.
அறுபது வருஷம் தாங்கியதே அதிகம்.

பிறகு கசிவு.
உள்ளே வந்தது சும்மா இருப்பதில்லை,
சவ்வின் உட்புறத்தில் ஒட்டுகிறது, இறுக்குகிறது,
தூங்கிய நொதிகளை எழுப்பி
புரதத்தை நறுக்கச் சொல்கிறது.
வெளிச்சம் நேரே போக முடியாமல்
முட்டிச் சிதறுகிறது.

கருவிழி அன்றைக்கே வேறு யாருக்கோ போய்விட்டது.
லென்ஸ் எங்களுக்கு.
நல்லெண்ணெய் நிறத்தில், பயறளவு,
ஐஸ் மேல் கிடந்தது.
கரைத்தேன். சுழற்றினேன்.
நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்வரை
குழாயைக் கைக்குள் பொத்தி நின்றேன்,
அது தப்பு என்று தெரிந்தே.

விவரம் கேட்டு மகளுக்குப் போன் போட்டேன்.
சர்க்கரை இல்லை. பீடி உண்டு.
ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்றுவிட்டது.
"கடைசி ரெண்டு வருசம்
வெள்ளையடிக்க ஒருத்தரும் கூப்பிடல சார்.
அடிச்சு முடிச்சுட்டு
இன்னும் மஞ்சளாத்தான இருக்குங்கும்.
வாளியில நீலத்த அள்ளிப் போட்டு
மறுபடி அடிக்கும்.
கூலியே வேணாம்னுட்டு அடிக்கும்."

நோட்டில் எண்ணை எழுதினேன்,
சராசரியைவிட மூன்று மடங்கு.

போன வாரம் உசிலம்பட்டி பஸ்ஸில்
ஜன்னலோரம்.
கருமாத்தூர் தாண்டும்போது ஒரு சத்துணவுக் கூடம்.
ஊரில் மற்ற சுவரெல்லாம் வெள்ளை,
இது மட்டும் நல்ல நீலம்.
மேற்குப் பக்கம் மழையில் உரிந்து
அடியில் வெள்ளை தெரிந்தது,
அதற்கும் அடியில் ஒரு வெள்ளை.

பஸ் நிற்கவில்லை.
நோட்டில் அதற்கென்று
கட்டம் ஏதும் போட்டிருக்கவில்லை நான்.