பல்சக்கரம்

கடற்கரைச் சாலையில் மணி ஐந்தரை.
வண்டி விட இன்னும் நேரம் இருக்கிறது.
சக்கரம் வைத்த ஸ்கீயில் நான் வர
நடைக்காரர்கள் ஒதுங்குகிறார்கள்.
“பனி எங்கம்மா?” என்றார் சைக்கிள் டீக்காரர்.
“ஜூராவில்.”
“ஜுரமா?”

இந்தச் சக்கரம் பின்னால் சுழலாது,
உள்ளே ஒரு பல் பிடித்துக்கொள்ளும்.
எப்படி உதைத்தாலும்
சரி, சரி என்றே சொல்லும்
கடன் கேட்க வந்த மச்சான் மாதிரி.

போன பிப்ரவரி ஏற்றத்தில்
மெழுகு அப்படிச் சொல்லவில்லை.
வேகம் கூடக் கூட
ஸ்கீ நின்று பனியைக் கவ்வும் நேரம்
இமைப்பில் பாதி.
அதற்குள் உடம்பு மொத்தமும் ஒற்றைக் காலில்
கீழே இறங்கவேண்டும்.
கீழே.
நான் பின்னால் உதைத்தேன், அதுவும் தாமதமாக.
சிவப்புத் தொப்பிச் சிறுமி ஒருத்தி
அவசரமே இல்லாமல் என்னைக் கடந்துபோனாள்.

இன்று ஸ்கீயைக் கழற்றிவிட்டு
தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் இறங்கினேன்.
அலை விட்டுப்போன ஈரத்தில்
வெறுங்காலோடு நாற்பது எட்டு,
முடிந்த மட்டும் வேகமாக.

திரும்பிப் பார்த்தால்
பின்னால் தள்ளிய இடமெல்லாம்
கோழி கிளறிய மாதிரி.
நேராக மிதித்தது மட்டும்
ஐந்து விரலோடு அப்படியே கிடந்தது.
நான்கு எண்ணினேன்.
ஐந்தாவதா என்று குனிவதற்குள்
அலை.