அவருக்குத் துணை

அல்வா வாங்கிக் கொடுத்தாச்சா என்றுதான்
ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள்.
சகுமா சான் கேட்டது வேறு:
உங்கள் ஏரியாவுக்கென்று ஒரு சாமி இருக்குமே,
பெரிய கோயில் வேண்டாம், அது.

காற்றாலைக் கம்பெனியில்
நட்டுக்கும் போல்ட்டுக்கும் மொழிபெயர்க்கிறவள் நான்.
சாமிக்குத் தனிச் சம்பளம் கிடையாது.
ஆனாலும் போனோம், ஞாயிற்றுக்கிழமை, குறுக்குத்துறைக்கு.

ரயில்வே கேட் அடைத்திருந்தது.
செங்கோட்டை வண்டி போகிற வரைக்கும்
ஆட்டோவை அணைத்துவிட்டு
ஜப்பானில் டீ எவ்வளவு என்று கேட்டான் மாசானம்.
சொன்னேன்.
ஏயப்பா என்று தண்டவாளத்தைப் பார்த்தான்.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
மாவு மில், சவுண்ட் சர்வீஸ்,
சேலை காயும் கம்பிவேலி,
பூட்டிக் கிடக்கும் டியூஷன் சென்டர்.
எல்லாவற்றையும் படம் எடுத்தார்.
கோயிலை எடுக்கவில்லை.

படித்துறையில் குந்தி
இடக்கை, வலக்கை, பிறகு வாய்.
ஐயோ, வாய் வேண்டாம் என்பதற்குள்
கொப்பளித்துவிட்டார்.
மேலே சாக்கடை சேரும் இடத்தை
எந்த மரியாதைச் சொல்லில் சொல்ல?

சந்நிதியில் இரண்டு முறை குனிந்து
இரண்டு முறை கை தட்டினார்.
"எதுக்கும்மா தட்டுதாரு?"
வந்திருக்கேன்னு சாமிட்ட சொல்லுதாரு.
"அதுக்குத்தான மணியத் தொங்கவிட்ருக்கு"
என்றார் பட்டர், கோபமில்லாமல்.

தூணில் வெள்ளக் கறை.
தன் தலைக்கு மேல் ஒரு முழம் என்று
கையால் அளந்தார் சகுமா.
தண்ணீர் ஏறினால்
உற்சவர் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்,
உண்டியலும் போகும் என்றேன்.
மூலவர்?
அவர் உள்ளேயே முங்கிக் கிடப்பார்.
எத்தனை நாள்?
வடிகிற வரைக்கும்.

கொஞ்சநேரம் ஆற்றையே பார்த்துவிட்டு
ஒன்று கேட்டார். சின்ன வாக்கியம்.
அப்போது அவருக்குத் துணை யார்?

பட்டரிடம் அதை அப்படியே கேட்கக்
கூச்சமாக இருந்தது.
வெள்ளத்துல பூஜை உண்டா சாமி என்று மாற்றிவிட்டேன்.
"கரையில நின்னு சூடம் காட்டுவோம்."
பதிலை மட்டும் மாற்றாமல் சொன்னேன்.
தலையை ஆட்டினார்,
கேள்விக்கு வந்த பதில் என்று நம்பி.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை.
வயிறு.
வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில்
சொட்டுச் சொட்டாக குளுக்கோஸ்.
சட்டைப் பையில் ஹோட்டல் பில்லில் மடித்த திருநீறு
கசிந்து
படுக்கையெல்லாம் வெள்ளை.
மன்னியுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டுவிட்டுத்
தூங்கிப்போனார்.

நர்ஸ் பாரத்தை நீட்டினாள்:
"பேஷண்டுக்குத் துணைக்கு யாரு?"

பேனா எழுதவில்லை.
உதறி, இன்னொரு முறை உதறி
என் பேரைப் போட்டேன்.