உடைக்கிற வேலை

எனக்குக் கொடுத்திருப்பது உடைக்கிற வேலை.

கருங்கல் கடையில் கழித்துப்போட்ட டைல்ஸை
நான்கு சாக்கில் கட்டி
டெம்போவில் கொண்டுவந்து தட்டியிருக்கிறார்கள்,
தேங்காப்பட்டணம் ஏலக்கூடத்துக்குப் பின்னால்.
பழைய சாரத்தை நாலாய் மடித்து
உள்ளே ஒன்றை வைத்து
இடது கையால் ஒரு போடு.
சத்தம் துணிக்குள்ளேயே அடங்கிவிடும்.
பிரித்தால் பன்னிரண்டு துண்டு,
சில நேரம் முப்பது.

இருபத்தாறு வருடம்
மார்த்தாண்டம் டெப்போ வண்டிகளை ஒடித்துத் திருப்பியது
வலது கை.
இப்போது மடியில் கிடக்கிறது,
கடைசி நிறுத்தம் வந்தும் இறங்காமல்
தூங்குகிற ஆளைப்போல.
வாயும் அப்படித்தான்.
"தண்ணீர்" என்று கிளப்பினால்
"தண்" வரைக்கும் போகும்.

வீட்டில் எனக்கு எவர்சில்வர் தம்ளர்.
இரண்டு வருடத்தில்
ஐந்து கண்ணாடி கிளாஸ், ஒரு சீனிப் பரணி,
மருமகள் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜாடி.
ஜாடி போகட்டும்,
அதன் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.
"நீங்க ஒண்ணும் தொடாண்டாம்" என்பாள் லீலாபாய்,
அன்பாகத்தான்.

இங்கே ஐடா ஏணியில் நின்று கத்துகிறாள்:
"அண்ணாச்சி, இன்னும் பொடியா ஒடையும்!"

சுவர் முப்பதடி.
என்ன வைப்பது என்று முதல் ஞாயிறு முழுக்கச் சண்டை.
ததேயுஸ் படகு கேட்டார், அவருடைய படகு, நம்பரோடு.
நடக்குந்தடியைச் சுவரில் சாத்திவிட்டு
மைமூன் மரச்சீனிச் செடி வேண்டுமென்றாள்.
நாலு வயது ஆஷ்லினுக்கு ஜேசிபி.
கிடையாது என்றதும்
மணலில் மல்லாந்துவிட்டான்.
ஆகவே சுவரில் கடல் இருக்கிறது,
கடலில் அயலை, நெத்தோலி, நம்பர் போட்ட படகு,
கரையோரம் மரச்சீனி,
நட்டநடுவில் ஜேசிபி.

நபீலா பிளஸ் டூ படிக்கிறாள். கண் தெரியாது.
முதல் வாரம் முடித்த பகுதியைத் தடவிப் பார்த்துவிட்டு
"மொழுமொழுன்னு வச்சிருக்கு.
இது கடலா, கக்கூஸ் செவரா?" என்றாள்.
பெயர்த்தெடுத்து
அலையின் துண்டுகளையெல்லாம் சாய்த்துப் பதித்தோம்.
மறுபடி விரலை ஓட்டினாள்.
"இது ஆடி மாசம். கொஞ்சம் குறைங்க, கை கிழியுது."
பிளாஸ்டர் இரண்டு டப்பா தீர்ந்தது,
பாதி ததேயுஸுக்கு.

அஜின் பத்தொன்பது வயசு.
மஞ்சளைத் தவிர எதையும் தொடமாட்டான்.
ஒவ்வொரு துண்டையும் ஊதி, கன்னத்தில் வைத்துப் பார்த்து
ஒட்டுவான்.
அவன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள்,
பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில்
முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுப் பழகிய முகத்தோடு.
சங்கத் தலைவர் பைக்கை நிறுத்தாமலே கேட்டார்:
"கடல்ல எங்க ஓய் மஞ்சள்?"

எனக்குத் தெரியும் அதற்குப் பதில்.
நாளும் ஆறு மணிக்குப் பார்க்கிறேனே.
"சா" என்றேன்.
"சாய..."
சாயங்காலம் பாதியில் நின்றுவிட்டது.
பைக் போய்விட்டது.
அஜின் திரும்பிப் பார்த்து
"சாயா!" என்றான்.
எல்லோருக்கும் சாயா வந்தது.
மஞ்சள் அங்கேயே இருக்கிறது.

லீலாபாய் நேற்று வந்திருந்தாள்.
குடையை மடக்காமல் தள்ளி நின்று
நான் ஓங்கி அடிப்பதைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சாந்து வாளியைக் கொஞ்ச நேரம் கிளறிக் கொடுத்துவிட்டு
மீன் வாங்கப் போனாள்.

ராத்திரி கட்டன் சாயா
கண்ணாடி கிளாசில் வந்தது.
நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.
பாதி குடிக்கும்வரை பிடித்திருந்தேன்.

தரையெல்லாம் சாயா.
வாருகோலோடு குனிந்தவள்
அதை வைத்துவிட்டுக் கையால் பொறுக்கினாள்.
பெரிய சில்லு ஒன்றை
பல்புக்கு நேரே பிடித்துத் திருப்பி
"கண்ணாடி ஒட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒட்" என்றேன்.

மீதியை அவளே பையில் போட்டாள்.