பதம்

பெட்டியைப் பிரித்தபோது கத்தி பளபளத்தது.
என் கையில் ஒரு மயிரைக்கூட எடுக்கவில்லை.
பளபளப்பு வேறு, பதம் வேறு என்று
பாம்பனில் மீன் அரிகிறவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லை ஊறப் போட்டேன்,
குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால்
பன்னிரண்டு ரூபாய்க் குடத்துத் தண்ணீரில்.
முதுகும் வாயும் சேர்ந்து படியணும்.
அரிவாள்மனைக்கு அழுத்துகிற மாதிரி அழுத்தினால் போச்சு.
கல்லில் வாய் முந்தும், வாரில் முதுகு முந்தும்.
வாருக்கு அவருடைய கல்யாண பெல்ட்,
இப்போது இடுப்புக்கு எட்டாது.

அறுபது இழுப்பா எழுபதா,
எண்ணும்போது பால்காரன் வந்துவிட்டான்.

வின்ச்சில் நசுங்கிய வலது கையை
யாரோ மறந்துபோன சாமான் போல
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் இன்னாசி.
"சாளைன்னு நெனச்சுறாத."
"சாளைன்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

கன்னம் தாண்டிக் கழுத்துக்கு வந்தபோது
பாலத்தில் ரயில் ஏறும் சத்தம்.
கத்தியைத் தூக்கிவிட்டேன்.
அவர் கண்ணைத் திறக்கவில்லை,
தாடையை இறக்கவுமில்லை.
கடைசிப் பெட்டி போகும்வரை
சோப்பு நுரைக்குள் அந்தக் குரல்வளை
அப்படியே நின்றது எனக்காக.

பிறகு துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன்.
இந்தக் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும், துரு ஏற்ற.