தோற்றம் மறைவு

ஞாயிற்றுக்கிழமை முதலாளி மகன் வந்து
கம்ப்யூட்டரில் புதுசு ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான்.
திங்கள் ராத்திரி பத்தரைக்குத்தான் பார்க்கிறேன்,
தலைமாட்டில் இருந்த வரிசையைக் காணோம்.
ஃபைல், எடிட், வியூ, அரேஞ்ச்.
பதினோரு வருஷமாய்
படிக்காமலே கை போய் நின்ற தெரு.
திரை இப்போது கழுவிக் கவிழ்த்த தட்டு.
"நீட்டா இருக்கும்க்கா" என்றான்.
இருக்கிறது.

கடை வாசலில் மூன்று பேர்.
மண்ணடி மெஸ்ஸிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள்,
ஒருவர் தோளில் இன்னும் ஈரத் துண்டு.
எத்திராஜுலுவுக்குப் போஸ்டர்.
விடிவதற்குள் நூறு வேண்டும்,
எம்.சி. ரோட்டிலிருந்து மூலகொத்தளம் வரைக்கும் ஒட்ட.

படத்தை வைத்தாயிற்று.
கண்ணீர் அஞ்சலி, சிவப்பில்.
மறைவு என்று நேற்றைய தேதி.
தோற்றம்?
"பொறந்த நாளு அவருக்கே தெரியாதுக்கா,
ஆதார்ல இருக்கறதப் போடு."
போட்டேன்.
தாளின் அளவை மாற்றும் இடம்தான்
எங்கே போனதென்று தெரியவில்லை.

மூலையில் மூன்று கோடு,
பட்டை போட்ட நெற்றி மாதிரி.
தொட்டால் திறக்கிறது.
நான் தேடுவதைத் தவிர எல்லாம் உள்ளே இருக்கிறது,
ஒரு பல்சக்கரம், ஒரு கேள்விக்குறி,
"புதிதாக என்ன?"

"இன்னாக்கா, லேட்டாவுமா?"
"தேடறேன், இருங்க."
ஈரத் துண்டுக்காரர் சுவரைப் பார்த்துச் சொல்கிறார்,
"அவரா இருந்தா இந்நேரம் ஒப்பிச்சிருப்பாரு."

எனக்கும் தெரியும் அந்தக் குரல்.
போர்டு கிடையாது அந்த மெஸ்ஸில்.
இலை விரிக்கும்போது தொடங்கி
தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் ஒரே மூச்சில்
நெத்திலிவறுவல்கடம்பாதொக்குசுறாப்புட்டுஎறாமசாலா.
தீர்ந்துபோனதையும் விடமாட்டார்.
அதற்கு மட்டும் குரல் இறங்கும்:
"வஞ்சரம்... தீந்துச்சி."
இல்லாததை எதுக்குண்ணே சொல்றீங்க,
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
"இங்க கெடைக்கும்னு தெரிஞ்சாத்தானம்மா
நாளைக்குப் பன்னண்டுக்கே வருவ."

பன்னிரண்டுக்கே போனேன்.
இருந்தது.
விலை மட்டும் அந்த ஒப்பிப்பில் ஒருநாளும் வந்ததில்லை.

தெரியாத வீட்டில் இருட்டில் சுவிட்ச் தேடுவதுபோல்
கீழ்வரிசைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறேன்.
எழுத்து தேய்ந்துபோன ஒன்றில் கட்டைவிரல் பட்டதும்
வந்துவிட்டது வரிசை,
எங்கேயும் போகாததுபோல.
விரலை எடுத்தேன். போய்விட்டது.
மறுபடி அழுத்தினேன். ஃபைல், எடிட், வியூ.
உள்ளே சில பெயர்கள் சாம்பல் நிறத்தில்,
தொட்டாலும் வராது.
வராவிட்டால் என்ன,
அவற்றையும் ஒருமுறை மேலிருந்து கீழே படித்தேன்,
வாய்க்குள்ளேயே.

பனிரெண்டே முக்காலுக்கு மெஷின் ஓடத் தொடங்கியது.
பெயருக்குக் கீழே என்ன போட என்று கேட்டதற்கு
மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
சப்ளையர் என்றார் ஒருவர்.
மாஸ்டர்னு போடுக்கா என்றார் இன்னொருவர்,
இனிமே யாரு கேக்கப்போறா.

சூடு ஆறாத கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு
பசை வாளியோடு அவர்கள் போனபிறகு
வெட்டி மிஞ்சிய துண்டில்
மெனு வேணும்னா ஆல்ட்டை அழுத்து என்று எழுதி
திரையின் நெற்றியில் ஒட்டினேன்.
கோணல்தான். கொஞ்சம் சிவப்பும் ஒட்டியிருக்கிறது.

காலையில் முதலாளி மகன் வந்து
கிழிக்கும்வரை இருக்கும்.