ஏழாவது ஜன்னல்

தேன்கனிக்கோட்டையில் அந்தப் பழைய சர்க்கார் கட்டிடத்தை
முகப்பு முழுக்கத் தெரிகிற மாதிரி எடுத்துத் தரச் சொன்னார்கள்.
இடப்பக்கம் நான்கு ஜன்னல்
வலப்பக்கம் இரண்டு
இடையில்
ஒரு ஜன்னல் அகலத்துக்கு
தூங்குமூஞ்சி மரம்.

நகர்ந்து பார்த்தேன்.
இடதில் மின்கம்பம், வலதில் பால் பூத்தின் நீலக் குடை.
எதிர் ஜெராக்ஸ் கடை மொட்டைமாடிக்கு ஏறினால்
மரமும் கூடவே ஏறி வந்திருக்கிறது.
அகல லென்ஸில் சுவர்கள் குடித்தவர்கள்போல்
ஒன்றன் தோளில் ஒன்று சாய்கின்றன.
சரி, பின்னால் போகலாமென்றால்
ஓசூர் பஸ் ஹாரன்.

"மரம் வேணாம் சார், கம்ப்யூட்டர்லயே எடுத்துடுங்க,
எஸ்டிமேட்டோட வைக்கணும்"
ஜீப் பானட்டில் எதற்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்
உதவிப் பொறியாளர் பிரேமகுமாரி.

இரண்டுமுறை கரண்ட் போய் வந்த ராத்திரி
அடியிலிருந்து தொடங்கினேன்.
டியூஷன் சென்டர் தகரம் அறைந்த ஆணி,
லாரி உரசிய தழும்பு,
அதற்கு மேல் யாரோ கட்டிய மஞ்சள் கயிறு.
முந்நூறு சதவீதம் பெரிதாக்கியபோதுதான்
கிளைக் கவட்டில் ஒரு காகம் இருப்பது தெரிந்தது.
அதையும் எடுத்தேன்.
பதினோரு வருடமாக அந்தப் பக்கம்தான் போய்வருகிறேன்,
அழிக்கும்போதுதான் அந்த மரத்தைப் பார்த்தேன்.

எடுத்த இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள்.
பின்னால் என்ன இருந்தது என்று
கணினிக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.
போய்ப் பார்த்திருக்கலாம்.
பறிமுதல் செய்த மணல் வண்டிகள், துருவேறிய ஆட்டோ,
நடுவே புகுந்து வளர்ந்த சீமைக்கருவேலம்.
போகவில்லை.

நான்காவது ஜன்னலை நகலெடுத்தேன்.
அதே விரிசல் இரண்டுமுறை வந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே,
இடவலமாகத் திருப்பினேன்.
நிழலும் திரும்பிவிட்டது;
அதை மட்டும் வெட்டி மறுபடி கிழக்கிலிருந்து வெயில் வரவைத்தேன்.
மூலையில் ஒரே ஒரு கிளையை விட்டுவைத்தேன்,
படத்துக்கு ஓரம் வேண்டாமா.
ஆயிரத்து எண்ணூறு.
வரி போக மீதி வந்தது.

எட்டு மாதம் கழித்து
வேலை முடிந்தது, வந்து எடுங்கள் என்றார்கள்.
வெட்ட அனுமதி வராததால் மரம் அப்படியே.
வண்டிகளை ஏலத்தில் விட்டிருந்தார்கள்.
ஈரச் சுண்ணாம்பு வாசனை.
முதன்முறையாக அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு
சுவருக்கும் அதற்கும் இடையே நுழைந்தேன்.

ஏழாவது ஜன்னல்.

மேஸ்திரி திம்மராயன் பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.
"வெறும் செவுருதான் சார் இருந்துச்சு.
நல்ல செவுரு, ரெண்டடி கனம்,
ஒடைக்கவே நாலு நாளு.
போட்டோவுல ஜன்னல் இருக்கே,
எவனோ அடைச்சிருக்கான்னு மேடம் சொன்னாங்க."
கொக்கி ஏன் மாறிய பக்கத்தில் என்று கேட்டேன்.
"போட்டோவுல அப்படித்தானே இருந்துச்சு."

நான் லென்ஸைத் துடைத்தேன்.
துடைத்ததையே துடைத்தேன்.

உள்ளே ஒருத்தி மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள்.
கழுத்தில் அடையாள அட்டை, டிபன் டப்பா மூடியில் நாவல்பழக் கொட்டைகள்.
விரித்த நில வரைபடத்தின் மேல்
இலைநிழல் எல்லைக்கோடுகளைத் தாண்டித் தாண்டி ஆடியது.
அவள் ஒரு ஸ்கேலை வைத்து
அதற்குள் எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

ஐந்தேமுக்கால்.
முக்காலியோடு சாலைக்கு எதிர்ப்புறம் நின்றபோது
மரம் மடியத் தொடங்கியது.
இலை இலையாக, சோம்பலாக,
கை கூப்புகிற மாதிரிகூட இல்லை, கடை சாத்துகிற மாதிரி.
இடைவெளிகளில் சுவர் வந்தது.
ஒன்று, இரண்டு எனத் தொடங்கி
ஏழும் வந்தது.
வெளிச்சம்தான் போய்க்கொண்டிருந்தது.
கால் நொடி திறந்து வைத்தேன்.

அந்தக் கால் நொடியில்தான்
அவள் ஜன்னலைச் சாத்த எழுந்திருக்கிறாள்.
பழக்கத்தில் கை வழக்கமான பக்கம் போய்
கொக்கி இல்லாமல்
திரும்பியிருக்கிறது.
படத்தில் மற்ற ஆறும் கூர்மை.
ஏழாவதில் மட்டும் ஒரு வெள்ளைத் தீற்றல்.

"எல்லாம் சரி சார்," என்றார் பிரேமகுமாரி,
"அந்தக் கையை மட்டும் எடுத்துடுங்க."