மேற்படி

நாற்பத்தோரு வால்வுக்கு
நாற்பத்தோரு வரி எழுதியிருந்தேன்.
ஒவ்வொன்றிலும் எண், நிலை,
பார்த்தவர் பெயர், பார்த்த நேரம்.

"இன்னாக்கா இது, ஒரே வரி நாப்பது வாட்டி?
ஒரு லூப் போட்டா மூணு வரில முடிஞ்சிடும்"
என்றான் நிர்மல்ராஜ்,
திரையை உருட்டி உருட்டி விரல் வலிக்க.
ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில்,
மணலியின் தீநாக்கு.

முடியும்.
எனக்கும் லூப் போடத் தெரியும்.

இந்தத் திரை வருமுன் ஒரு நோட்டு இருந்தது.
கஜபதிக்கு முத்துமுத்தான கையெழுத்து,
எழுதத்தான் சோம்பல்.
முதல் வரியை முழுசாய் எழுதுவார்,
அதன் கீழே பக்கம் பக்கமாய்
௸
௸
௸
கொக்கியில் கொக்கி மாட்டித் தொங்கும்.

புயல் வந்த டிசம்பரில்
எண்ணூர் கண்ட்ரோல் ரூமுக்குள்
கொசஸ்தலை ஆறு முழங்காலளவு நின்றது.
நோட்டைக் காயவைத்துப் பிரித்தால்
முதல் பக்கம் வெறும் நீலம்.
அடுத்த பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
பதினேழாம் வால்வு: ௸.
அதற்கு மேலே? ௸.
அதற்கும் மேலே
கறை.

திறந்ததா மூடியதா என்று
அந்தப் பக்கத்துக்கே தெரியவில்லை.
எபினேசர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
சேற்றில் குழாயோடு குழாயாய் நடந்து
ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்து வந்தார்.
நாலு மணி நேரம்.
யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட இல்லை.

காசிமேட்டில் எங்கள் வீட்டுப் பத்திரம்
பதினோரு பக்கம்.
சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இன்றி,
மனப்பூர்வமாய்,
வடக்கே சந்து, தெற்கே வேலாயுதம் மனை
என்று கொட்டாவி வரவழைக்கும் நடை.
எட்டாம் பக்கத்தில்,
கதவு நிலை ஜன்னலுக்கும் மின் இணைப்புக்கும் நடுவில்,
பொதுக் குழாயில் நீர் பிடிக்கும் பாத்தியதை உட்பட.
பக்கத்து வீட்டார் குழாயைப் பூட்டிய கோடையில்
அம்மா குடத்தோடு எடுத்துப்போனது
அந்தப் பக்கத்தின் நகலைத்தான்.

இதையெல்லாம் நிர்மலிடம் சொல்லவில்லை.
"ஒருவாட்டி மேலருந்து படி" என்றேன்.
வாய்க்குள் முனகிக்கொண்டே வந்தான்.
மூடியது. மூடியது. மூடியது.
இருபத்தாறில் நின்றான்.

"இது மட்டும் திறந்ததுன்னு இருக்கே, தப்பா?"

"தப்பில்ல.
அது தீயணைக்கிற தண்ணி."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு
இருபத்தேழுக்குப் போனான்.